மூடாத கோடு

மன்னார்த் தீவின் கரையூரான தாழ்வுபாட்டில் மாக்கிறட்டை உட்கார்ந்த நிலையில் பார்த்தவர்கள் குறைவு. கோயிலில் பிரசங்க நேரத்தில்கூடக் கடைசி வாங்கிலின் ஓரத்தில் ஒரு காலை வெளியே வைத்தபடிதான் இருப்பாள். பாதர் கடைசி ஆசீர்வாதத்தை முடிப்பதற்குள் ஆள் வெளிவாசலுக்கு வந்துவிடுவாள். கல்யாண வீட்டில் சாப்பிடுவதும் நின்றபடி, செத்த வீட்டில் அழுவதும் நின்றபடி. கருவாடு காயவைக்கும் இடத்தில் மற்றப் பெண்கள் நிழலில் சாய்ந்து வெற்றிலை போடும்போது இவள் மட்டும் மீனைப் புரட்டிக்கொண்டே இருப்பாள். "உன்ர காலுக்க ஆரோ மோட்டர் பூட்டி விட்டிருக்கினம்" என்று அவர்கள் பகிடி பண்ணுவார்கள்.

காலைவிட அவள் காது அவசரக்காரக் காது. அதற்குப் பாதி வசனம் போதும், மீதியை அவளே முடித்துக்கொண்டு போய்விடுவாள். கெட்ட பழக்கம்தான். ஆனால் அந்தப் பழக்கம்தான் அவளை உயிரோடு வைத்திருந்தது. தொண்ணூறாம் ஆண்டு, அவள் பள்ளிக்கூடச் சிறுமியாக இருந்தபோது, ஒழுங்கையில் யாரோ "ஆமி..." என்று கத்தத் தொடங்கினார்கள். மீதியைக் கேட்காமல் தாயின் கையை இழுத்துக்கொண்டு கரைக்கு ஓடினாள். இராணுவம் வருகிறதா, போகிறதா, எந்தப் பக்கம் என்று விசாரித்துக்கொண்டு நின்ற மாமா குடும்பம் வள்ளத்துக்கு வந்து சேரவில்லை. அதற்குப் பிறகு ஒரு வசனம் முடியும்வரை காத்திருப்பது அவளுக்குப் பயமாகவே இருந்தது.

இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் வளர்ந்து, அங்கேயே ஊர்க்காரனான அருளப்பனைக் கட்டி, அங்கேயே ஜெனிற்றாவைப் பெற்று, சண்டை முடிந்த அடுத்த வருஷம் ஊர் திரும்பினாள். வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீட்டுக்குக் கதவு பொருத்திய அன்றே, கதவுக்குப் பின்னால் ஓர் உடுப்புப் பையைக் கட்டித் தொங்கவிட்டாள்.

"இனி எங்க ஓடப்போறாய்?" என்று அருளப்பன் கேட்டான். கடலுக்குப் போவதும் வலை பொத்துவதுமாக இருக்கிற, அதிகம் பேசாத மனிதன் அவன்.

"ஓடத்தான் வேணுமெண்டில்லை. கிடக்கட்டும்" என்றாள்.

தாயின் ஓட்டம் மகளின் காலில் வேறு மாதிரி வந்து இறங்கியிருந்தது. ஜெனிற்றா சந்தோஷத்துக்கு ஓடினாள். முகாமில் வரிசை வீடுகளுக்கு நடுவே ஓடிப் பழகியவளுக்கு மன்னார்ப் பள்ளிக்கூடத்து மைதானம் கடல் மாதிரி அகலமாக இருந்தது. வந்த புதிதில் அவளுடைய இந்தியப் பேச்சைக் கேட்டுச் சிரித்த பிள்ளைகள், அவள் நீளம் பாய்வதைப் பார்த்த பிறகு வாயை மூடிக்கொண்டார்கள். விளையாட்டு ரீச்சர் சுபாஜினி அவளை வலயப் போட்டிக்குத் தயார்படுத்தத் தொடங்கினார்.

பன்னிரண்டு வயதில் பிள்ளை ஒரேயடியாக உயர்ந்தாள். சட்டையின் மடிப்பை அவிழ்த்து விட்டால், அடுத்த தவணைக்கு அதுவும் போதாமல் போனது. அந்த நாட்களில்தான் முழங்கால் நோகிறது என்று சொல்லத் தொடங்கினாள்.

"அது வளருற நோ. எல்லாப் பிள்ளையளுக்கும் வாறதுதான்" என்றாள் மாக்கிறட், அடுப்புக்கும் கிணற்றுக்கும் நடுவே. இரவில் நோவெண்ணெய் பூசி விட்டாள்.

சுபாஜினி ரீச்சர் வீட்டுக்கே வந்தார். "அக்கா, இவள் கெதியா வளருறாள். இந்த வயசில எலும்பு இளசு. கொஞ்ச நாளைக்குப் பாய விடாமல்..."

"ஓம் ரீச்சர், நீங்கள் சொன்னாச் சரி" என்று சொல்லிவிட்டு மாக்கிறட் கருவாட்டைப் புரட்டப் போய்விட்டாள். என்ன சரி, எதற்குச் சரி என்று அவளுக்கே தெரியாது. ஜெனிற்றா அதைத் தன் வசதிக்கு எடுத்துக்கொண்டாள். "அம்மா ஓமெண்டு சொல்லிப்போட்டா" என்று ரீச்சரிடம் நின்று பிடித்தாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குப் போட்டி முக்கியமா, முழங்கால் முக்கியமா?

வலயப் போட்டி அன்று அவள் பலகையை மிதித்துப் பாய்ந்தது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. மணலில் விழுந்தபோது ஒரு கால் நேராகவும் மற்றது மடிந்தும் கிடந்தது. அவள் கத்தவில்லை. எழும்பப் பார்த்தாள், கால் வரவில்லை. சுளுக்கு, உருவி விட்டால் சரி என்று சுற்றி நின்றவர்கள் சொன்னார்கள். ரீச்சர் ஒருவரையும் தொட விடாமல் ஓட்டோவைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

முழங்காலுக்கு மேலே, தொடை எலும்பின் நுனி விலகியிருந்தது. கம்பி வைத்துப் பொருத்தி, இடுப்பிலிருந்து பாதம்வரை மாக்கட்டுப் போட்டார்கள். பிள்ளை அசையக் கூடாது, காலை ஊன்றவே கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். ஷெல்லடிக்கும் கடலுக்கும் முகாமுக்கும் தாக்குப்பிடித்த மாக்கிறட்டுக்கு இது புதிய சோதனை. ஓடித் தப்பலாம், ஒளித்துத் தப்பலாம். சும்மா கிடந்து தப்புவது எப்படி என்று அவளுக்கு யாரும் காட்டித் தரவில்லை. பிள்ளை கட்டிலில் கிடக்க, தாய் கட்டிலைச் சுற்றி நடந்தாள். தலையணையைத் திருப்பினாள், ஜன்னலைத் திறந்தாள், பூட்டினாள்.

"அம்மா, நீங்கள் கொஞ்சம் இருங்கோவன். பார்க்கத் தலை சுத்துது" என்றாள் ஜெனிற்றா.

மாக்கட்டை வெட்டிய பிறகு கிளினிக். டொக்டர் குருநாகல் பக்கத்துச் சிங்கள இளைஞர். மன்னாருக்கு வந்துதான் தமிழ் படித்தவர், சொல்லைத் தேடித் தேடி நிதானமாகப் பேசுவார். ஜெனிற்றாவை வெளியே வாங்கிலில் இருத்திவிட்டு மாக்கிறட் உள்ளே போனாள். கதிரையைக் காட்டினார்கள். அவள் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

டொக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். "அம்மா, உடைஞ்ச இடம் நல்லா ஒட்டியிருக்கு. இங்க பாருங்க, ஒரு கோடு. இது இன்னும் மூட இல்லை. அது..."

அவள் பார்த்தாள். முழங்காலுக்குச் சற்று மேலே, எலும்பின் குறுக்கே, கறுப்பாக ஒரு கோடு. கோப்பையில் விழுந்த வெடிப்பு மாதிரியே இருந்தது. வெளியே தாழ்வுபாட்டு பஸ் ஹோர்ன் அடித்தது.

"விளங்குது டொக்டர். மூடவேணும். நான் பார்த்துக்கொள்ளுறன்" என்றாள். டொக்டர் அடுத்த சொல்லைத் தேடி முடிப்பதற்குள் பிள்ளையைத் தாங்கிக்கொண்டு பஸ் வாசலில் நின்றாள்.

புண் மூடுவது நல்லது, காயம் மூடுவது நல்லது, வெடிப்பு மூடாமல் இருந்தால் நல்லதா? அவள் நினைத்ததில் ஒரு பிழையும் இல்லை. டொக்டரின் அந்த "அது"வுக்குப் பின்னால் வர இருந்ததைக் கேட்க நிற்காததுதான் பிழை.

அடுத்த மாதங்களில் மன்னார்த் தீவில் ஜெனிற்றாவின் எலும்பு மூடவேண்டும் என்று வேண்டாதவர்கள் இருந்திருந்தால், அவர்களை மாக்கிறட் இன்னும் சந்திக்கவில்லை என்று அர்த்தம். செபக்குழுத் தலைவி லூர்தம்மாவைப் பிடித்தாள். ஞாயிறு பூசையில் மன்றாட்டு வாசிக்கப்பட்டது: "எங்கள் பங்கின் மகள் ஜெனிற்றாவின் எலும்பு விரைவில் மூடவேண்டும் என்று, ஆண்டவரே, உம்மை மன்றாடுகிறோம்." எல்லோரும் சேர்ந்து பதில் சொன்னார்கள். எருக்கலம்பிட்டிப் பாத்தும்மாவிடம் போனாள். புத்தளத்து முகாமில் இருபது வருஷம் இருந்து திரும்பி, தீவெல்லாம் கருவாடு வாங்கி விற்கிறவள். பாத்தும்மா தன் வீட்டில் அயல் பெண்களைக் கூட்டி ஓதி, துஆக் கேட்டாள். கடைசியில் மாக்கிறட் மடு மாதா கோயிலுக்கே போய்ப் பீடத்துக்கு முன்னால் நேர்த்தி வைத்தாள்: "மாதாவே, அந்தக் கோடு மூடட்டும். மூடினா வாசலில இருந்து உங்கட பீடம் மட்டும் முழந்தாளில வருவன்."

அடுத்த கிளினிக்குக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனாள்.

"டொக்டர், இந்த முறை மூடியிருக்கும். நாங்கள் எல்லாரும் மன்றாடுறம். வேதக்காரர், முஸ்லிம் ஆக்கள், எல்லாரும்."

டொக்டர் படத்தைக் கீழே வைத்தார். "என்ன மூட?"

"அந்தக் கோடு."

அவர் எழும்பி வந்து கதவைச் சாத்தினார். கதவைச் சாத்தினால்தான் இந்த அம்மா நிற்பாள் என்று விளங்கியிருக்க வேண்டும்.

"மூடக் கூடாது, அம்மா" என்றார்.

சொல்லைத் தேடித் தேடி எல்லாவற்றையும் சொன்னார். பிள்ளைகளின் எலும்பு நடுவில் நீளுவதில்லை, நுனிக்குக் கிட்ட நீளுகிறது. அந்தக் கோடுதான் அது வளருகிற இடம். அங்கே இருப்பது குருத்தெலும்பு. படத்தில் தெரியாது, அதனால்தான் வெடிப்பு மாதிரி இருக்கிறது. வளர்ந்து முடிந்த பிறகு அது தானாக மூடும். அடிபட்ட காலில் இப்போதே மூடிவிட்டால் அந்தக் கால் நின்றுவிடும், மற்றக் கால் வளர்ந்துகொண்டே போகும். ஒரு பக்கம் மட்டும் மூடினால் கால் கோணலாக வளரும். இந்த இடத்து முறிவில் அப்படி நடக்கக் கூடியதுதான். நடக்குமா, நடக்காதா என்று இப்போது சொல்ல முடியாது. பிள்ளை வளர வளரத்தான் தெரியும்.

அவளுக்கு ஒரு சொல் போதுமாக இருந்தது. குருத்து. மடுவுக்குப் போகிற வழியில் ஷெல் பட்டுத் தலையில்லாமல் நிற்கும் பனைகளை அவள் எத்தனையோ முறை கடந்திருக்கிறாள். குருத்துப் போன பனை சாயாது, ஆனால் அதற்குப் பிறகு ஓரங்குலம் உயராது. தன் பிள்ளைக்கு அதைத்தான் அவள் ஊர் கூட்டி, மெழுகுதிரி கொளுத்திக் கேட்டிருக்கிறாள்.

"இப்ப... இப்ப என்ன மாதிரி, டொக்டர்?"

"இப்பவும் மூட இல்லை. அது நல்லது."

வேண்டுதல் இன்னும் பலிக்காதது நல்லதுதான், ஆனால் வேண்டினது வேண்டினதுதானே. மாதா கேட்டு முடித்துவிட்டு, நேரம் பார்த்துக்கொண்டு இருந்தால்?

வீட்டுக்கு வந்ததும் வராததுமாகப் புறப்பட்டாள். லூர்தம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு கேட்டாள்: "பீடத்தில வாசிச்ச மன்றாட்டை எப்பிடி மாக்கிறட் திருப்பி எடுக்கிறது?"

"எடுக்க வேண்டாம், மாத்தி வாசியுங்கோ."

அடுத்த ஞாயிறு, ஜெனிற்றாவின் எலும்பு மூடாமல் இருக்கவேண்டும் என்று மன்றாட்டு வாசிக்கப்பட்டபோது, சனம் ஆளையாள் பார்த்துவிட்டு, வாய்ப் பழக்கத்தில் பதிலையும் சொன்னது. வெளியே வந்து சிரித்தார்கள். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பாத்தும்மா சிரிக்கவில்லை. கருவாட்டுச் சாக்கைக் கட்டியபடியே கேட்டுவிட்டு, "நாங்க என்னத்தைக் கேட்டம் மாக்கிறட்? புள்ளைக்கு நல்லது நடக்கணுமெண்டு கேட்டம். எது நல்லதெண்டு அல்லாஹ்வுக்குத் தெரியாதா?" என்றாள். மாக்கிறட்டுக்கு அது ஆறுதலாக இருந்தது, எருக்கலம்பிட்டிச் சந்திவரைக்கும். பஸ்ஸில் ஏறியதும் பழையபடி பயம் பிடித்துக்கொண்டது.

மடுவில் பீடத்துக்கு முன்னால் நின்று, "நான் பிழையாக் கேட்டுப்போட்டன். நீங்கள் கேக்காத மாதிரி விடுங்கோ" என்று சொல்லி அழுதாள். முழங்கால் போடக்கூடப் பயந்தாள், அதை மாதா பழைய நேர்த்தியின் முதல் தவணையாக எடுத்துக்கொண்டால் என்ன செய்வது?

அதற்குப் பிறகு வந்த காலம் அவளை நிற்கவும் விடவில்லை, இருக்கவும் விடவில்லை. காலையில் பிள்ளை எழும்புவதற்கு முன் கட்டில் ஓரத்தில் போய், இரண்டு குதிக்காலையும் சேர்த்துப் பிடித்துப் பார்ப்பாள். சரியாக இருக்கிற மாதிரி இருக்கும். கொஞ்சம் கூடக் குறைய இருக்கிற மாதிரியும் இருக்கும். பிள்ளை நடக்கும்போது பின்னால் போய்ச் செருப்புத் தேய்ந்த பக்கத்தைப் பார்ப்பாள். வெள்ளை மணலில் பதிந்த அடிகளைக் குனிந்து பார்ப்பாள். கூப்பன் கடைக்குப் போனாலும் கருவாடு புரட்டினாலும் அந்தக் கறுப்புக் கோடு கண்ணுக்கு முன்னால் நின்றது. அருளப்பன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"கொஞ்சம் இரன்" என்றான் ஒரு நாள்.

"இருந்தா வளருமோ?"

"நடந்தா வளருமோ?" என்று கேட்டுவிட்டு அவன் வலையைப் பொத்தினான். அவளுக்கு ஆத்திரம் வந்தது.

டொக்டர் முதலில் நடக்கச் சொன்னார், பிறகு கடலில் நீந்தச் சொன்னார், கடைசியில் மெல்ல ஓடலாம் என்றார். நொந்தால் அன்றைக்கே நிற்பாட்ட வேண்டும் என்றார். இந்த முறை மாக்கிறட் வசனத்தை முழுதாகக் கேட்டாள், அந்தக் கடைசி வசனத்தையே பிடித்துக்கொண்டாள். மைதான வேலிக்கு வெளியே நின்று, "நோகுதே? நோகுதே?" என்று ஒவ்வொரு சுற்றுக்கும் கத்தினாள். மற்றப் பிள்ளைகள் அதையே ஜெனிற்றாவுக்குப் பட்டப் பெயராக வைத்துவிட்டார்கள்.

ஒரு விடியற்காலை குதிக்காலைப் பிடித்திருந்த கையை ஜெனிற்றா உதறினாள். "என்ர காலை விடுங்கோ அம்மா. இது என்ர கால். நொந்தா நான் சொல்லுவன்."

"முந்தி நீ சொன்னனீதானே. நான் கேட்டனானே?" என்றாள் மாக்கிறட்.

பிள்ளை காலைத் தானே திரும்ப நீட்டினாள். மாக்கிறட் பிடிக்கவில்லை. அன்றையிலிருந்து விடியலில் போய்ப் பார்ப்பதை விட்டாள். விட்டது கையைத்தான். மனம் எப்போதும்போல அந்தக் கட்டிலடியில்தான் நின்றது.

ஆறு மாதத்துக்கொரு படம். ஒவ்வொரு முறையும் கோடு கறுப்பாக இருந்தது. ஒவ்வொரு முறையும் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்று, "மூடேல்லைத்தானே?" என்று கேட்டாள். டொக்டர் சிரிப்பார். ஜெனிற்றா நீளம் பாய்வதை விட்டுவிட்டு நானூறு மீற்றர் ஓடப் பழகினாள். சுபாஜினி ரீச்சர் கிழமைக்கு இவ்வளவுதான் என்று அளந்து ஓட விட்டார்.

பதினைந்து முடிந்து கொஞ்ச நாளில் கடைசிப் படம் எடுத்தார்கள். தாயும் மகளும் சேர்ந்தே உள்ளே போனார்கள். டொக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். மாக்கிறட் கோட்டைத் தேடினாள். கோட்டைக் காணவில்லை.

"மூடிட்டுது, அம்மா" என்றார் டொக்டர்.

கதிரை முதுகிலிருந்து அவள் கை வழுகியது. மூன்று வருஷமாக எந்தச் சொல்லுக்குப் பயந்து ஓடினாளோ அந்தச் சொல். கால் கதவுப் பக்கம் திரும்பிவிட்டது. எங்கே ஓடப் போகிறாள் என்று அவளுக்கே தெரியாது. மடுவுக்கா, கடலுக்கா?

"இருங்க" என்றார் டொக்டர். அவருக்கு இப்போது அவளை நன்றாகத் தெரியும். "நான் இன்னும் முடிக்க இல்லை. ரெண்டு காலும் மூடிட்டுது. ஒண்டா மூடியிருக்கு. அளந்து பார்த்தம், ரெண்டும் ஒரே நீளம். கோணல் இல்லை. பிள்ளை வளர்ந்து முடிஞ்சுது. அவ்வளவுதான்."

வசனம் முடிந்துவிட்டது. அதற்குப் பின்னால் ஒன்றும் இல்லை.

"அப்ப இனி நான் உயரமாட்டனா டொக்டர்?" என்று ஜெனிற்றா கேட்டாள். "இல்லை, இவ்வளவுதான்" என்றார் அவர். அவள் தோளைக் குலுக்கிக்கொண்டு சிரித்தாள்.

அப்போதுதான் மாக்கிறட் மகளை அண்ணாந்து பார்த்தாள். அண்ணாந்துதான் பார்க்க வேண்டியிருந்தது. மூன்று வருஷம் குதிக்காலையும் அடிச்சுவட்டையும் படத்தையும் பார்த்தவள், தலை எங்கே போய் நிற்கிறது என்று பார்க்கவில்லை. மகளுடைய தோள் தாயின் காதளவில் இருந்தது. சின்னப் பிள்ளை ஒருத்தி இந்த வீட்டில் இருந்தாள், அவள் எப்போது போனாள் என்று தாய்க்குத் தெரியவில்லை. சந்தோஷத்தோடு துக்கமும் சேர்ந்து வந்தது.

பஸ்ஸில் வரும்போது திடீரென்று ஜெனிற்றாவின் கையைப் பிடித்தாள். "பிள்ளை, முதல் நேர்த்தி."

"எந்த நேர்த்தி?"

"மூடினா முழந்தாளில வாறனெண்டு சொன்னனான். மூடிட்டுதே."

"நீங்கள்தானே அதை வேண்டாமெண்டு சொன்னனீங்கள்?"

"நான் சொன்னனான். மாதா விட்டவவே?" என்றாள் மாக்கிறட். "ரெண்டையும் கேட்டிருக்கிறா."

ஆவணித் திருவிழாவுக்கு மடு நிறைந்திருந்தது. கதவுக்குப் பின்னால் தொங்கிய பையைக் கழற்றி, அதற்குள் இருந்த உடுப்பைத்தான் அன்றைக்குக் கட்டியிருந்தாள். கோயில் வாசலில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்காலில் இறங்கினாள். அருளப்பன் சனத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனான். ஜெனிற்றா பக்கத்தில் நடந்து வந்தாள். முழங்காலிலும் மாக்கிறட்டுக்கு அவசரம். முன்னால் போன கிழவிகளை முந்தப் பார்த்தாள். முதல் தூணைத் தாண்டுவதற்குள் தோல் உரிந்து எரிந்தது.

"மெல்லப் போங்கோ அம்மா" என்றாள் ஜெனிற்றா, குனிந்து. "ஓடாதேங்கோ. நோகுதே?"

"நோகுது" என்றாள் மாக்கிறட்.

"அப்ப நிண்டு போங்கோ."

நின்றாள். கொஞ்சம் பொறுத்து அசைந்தாள். திரும்பவும் நின்றாள். பீடத்துக்கு வந்து சேரும்போது பூசை தொடங்கி வெகுநேரம் ஆகியிருந்தது. எழும்பப் பார்த்தாள், கால் வரவில்லை. மகளின் காலில் சாய்ந்து அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். பாதர் கடைசி ஆசீர்வாதம் கொடுத்து முடித்து, சனம் எல்லாம் வெளியே போன பிறகும் அவள் அங்கேதான் இருந்தாள்.